அறுபது காலடியில் ஓடை

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால் காய்ச்சி, தொட்டியில் தண்ணீர் ஏற்றி, முந்தைய நாள் மழையை நாட்குறிப்பில் இரண்டு வரியாக எழுதி முடித்தபோது மணி ஏழு. ஏழரைக்குப் பின்சந்தில் பொக்லைன் வந்து மண்ணைக் கடித்ததும் எழுந்த சத்தத்தில் என் பற்கள் கூசின. தட்டுகளை அம்மியில் போட்டு அரைப்பதுபோன்ற சத்தம் அது. விருத்தாசலத்தில், எங்கள் தெருவில், எங்கே தோண்டினாலும் இந்தச் சத்தம்தான் வரும். மண்ணுக்கடியில் கிடப்பதெல்லாம் உடைந்த பீங்கான்.

பொக்லைன் வந்தது ரஹ்மத்துக்காக. ரஹ்மத் எங்கள் பின்சுவருக்கு அடுத்த வீட்டுக்காரி, ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். மகன் குவைத்தில் இருக்கிறான். வீட்டில் அவளும் படுத்த படுக்கையாக இருக்கும் அவள் அம்மாவும்தான். மூன்று வருடமாகக் கொஞ்சம் பலமாகப் பெய்தாலே அவள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. அம்மாவின் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறாள். அன்று காலை தண்ணீர் இரண்டாவது செங்கல்லைத் தொட்டிருந்தது.

நகராட்சியிலிருந்து வந்த ஓவர்சியர் இளைஞர். கையில் ஒரு வரைபடம் இருந்தது. அதில் ஓடை என்று எதுவும் இல்லை. "இங்க ஒரு ஓடை இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றீங்க. எந்தப் பக்கமா போச்சுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பக்கம் கையக் காட்டுறீங்க. எதைத் தோண்டுறது நானு?" என்றார்.

"அதோ நிக்கறா பாருங்க சார், கலா. அவளக் கேளுங்க," என்றாள் ரஹ்மத். "எங்க வூட்டுல நாலு நாளைக்கு முன்னாடி என்ன கொழம்புன்னு கேட்டாக்கூட நோட்டப் பாத்துச் சொல்லுவா."

எல்லோரும் சிரித்தார்கள். நான், "பாத்துட்டு நாளைக்குச் சொல்றேங்க," என்றேன். மறுநாள் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஓவர்சியர் போனார்.

அந்த ஓடையைத் தூர்த்தவர்களில் நானும் ஒருத்தி. ரஹ்மத்தும்தான். அப்போது ஆறாம் வகுப்பு படித்தோம். தெருவில் பாதிப் பேருக்குப் பீங்கான் "ஷெட்"டில் வேலை. என் அப்பா சூளையில் சரக்கு அடுக்குபவர். அம்மா, ஈரப் பஞ்சால் "பீஸ் கட்டை"யின் பிசிறைத் துடைத்து எடுப்பவர். வீடுகளில் மின்சாரம் போனால் மெயின் பெட்டியில் பிடுங்கிப் பார்ப்பார்களே, அந்த வெள்ளைக் கட்டைதான் அது. தமிழ்நாட்டில் எந்த வீட்டின் பெட்டியைத் திறந்தாலும் அதில் அம்மாவின் கை பட்டது ஒன்றாவது இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது கரிச் சூளைக் காலம். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் மாலைக்குள் கடுகு தூவியதுபோலக் கரும்பொடி படிந்திருக்கும். அப்பா இருமுவார், தெருவே இருமும், யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஐப்பசியில் முழங்கால் வரை சேறு. அந்த வருடம் ரஹ்மத் அதில் விழுந்து, புத்தகப் பை போய், ஒரு வாரம் பள்ளிக்கே வரவில்லை. அதன்பிறகு அவளை நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் அவள் வீட்டில் எழுந்தது. அதைக் கேட்ட என் அம்மா, மறுநாள் மாலை ஷெட்டிலிருந்து திரும்பும்போது உடைசலில் ஒரு கூடை அள்ளி வந்து ஓடையில் கொட்டினார். அடுத்த நாள் இன்னும் நாலு பெண்கள் கொட்டினார்கள். வாரத்துக்குள் அது வழக்கமாகிவிட்டது: வேலை விட்டு வரும் எந்தப் பெண்ணும் வெறுங்கையோடு வருவதில்லை, ஆளுக்கு ஒரு கூடை. பள்ளி விட்டு வந்த நானும் ரஹ்மத்தும் ஒரு கூடையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வருவோம்.

ஷெட்டில் சுடாத கட்டை உடைந்தால் வீணாகாது. "சூளைக்குப் போறதுக்கு முன்னாடி ஒடஞ்சா தண்ணியில ஊறப்போட்டா திரும்ப மண்ணு. வெந்து வந்து ஒடஞ்சா அதை ஒண்ணுமே பண்ண முடியாது," என்பார் அம்மா. ஒன்றும் செய்ய முடியாத அந்தப் பொருளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டதில் எல்லோருக்கும் சந்தோஷம்.

தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்க ஆள் இல்லாமல் இல்லை. ரஹ்மத்தின் அத்தா கேட்டார். அப்பா ஒரு கூடை உடைசலில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். அத்தனையும் அடியில் ஒழுகிவிட்டது. "பாத்தீங்களா பாய்? மண்ணுன்னா அடைச்சுக்கும். பீங்கானு எத்தினி வருசமானாலும் கரையாது. சந்து சந்தா இருக்கும். மேல நாம நடப்போம், கீழ தண்ணி நடக்கும்."

அப்பா சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்றுவரை எனக்குக் குழப்பம். பல வருடங்கள் அப்படியே நடந்தது. மழை நாட்களில் அந்தப் பாதையில் குந்திக் காதை வைத்தால் அடியில் சலசலவென்று தண்ணீர் போவது கேட்கும். ரஹ்மத் பத்தாவது முடித்தாள். தரை கெட்டிப்பட்டதும் அப்பா அதன்பக்கமாகவே வீட்டை நீட்டிச் சமையலறை கட்டினார். ரஹ்மத்தின் அத்தா ஓடைக்கு அப்புறம் இருந்த தாழ்வான மனையை வாங்கினார்.

பிறகு ஷெட்டுகளில் புது இயந்திரங்கள் வந்தன. மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றும் முறை வந்தது. கரிச் சூளை போய் எண்ணெய்ச் சூளை, அதுவும் போய் கேஸ் சூளை. புகை நின்றது. கொடியில் துணி வெள்ளையாகவே காய்ந்தது. அப்பாவின் இருமல் மட்டும் நிற்கவில்லை. ஆனால் இயந்திரம் கழுவும் தண்ணீர் பால்போல வெளியே வந்து, அந்தச் சந்துகளில் இறங்கி, மாவாகப் படிந்து, ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அடியில் சத்தம் நின்றது எந்த நாளில் என்று என் நாட்குறிப்புகளில் தேடிப் பார்த்துவிட்டேன்; இல்லை. இத்தனை எழுதியவள் அதை எழுதவில்லை.

கூடை கூடையாகக் கொட்டிய நாங்களா, கழுவி விட்டவர்களா, யார் அடைத்தது? கரிச் சூளையே இருந்திருந்தால் ஓடை அடியில் ஓடிக்கொண்டிருக்கும், தெரு இருமிக்கொண்டிருக்கும். நாங்கள் தூர்க்காமல் விட்டிருந்தால் ரஹ்மத் ஆறாம் வகுப்போடு நின்றிருப்பாள். எந்தப் பக்கம் கூட்டினாலும் எனக்கு விடை வரவில்லை.

செவ்வாய் மதியம் பரணிலிருந்து ஆறாம் வகுப்பில் எழுதிய நோட்டை எடுத்தேன். நான் எழுதிய முதல் நோட்டு அது; தூர்க்கும் வேலை எதுவரை வந்தது என்று தினமும் படம் போட்டு வைத்திருந்தேன். முதல் படத்தின் கீழே பென்சிலில்: "தெருக் கிணற்றிலிருந்து நேராக அறுபது காலடியில் ஓடை. அகலம் ஏழு காலடி."

எங்கள் வீட்டில் முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்க்கோடு. மூடிக் கிடக்கும் தெருக் கிணற்றின் சுவரிலிருந்து குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து, கூடத்தைக் கடந்து, சமையலறையைக் கடந்து, பின்வாசலையும் தாண்டி எண்ணிக்கொண்டே போனேன். ஐம்பத்தொன்பதில் பின்சுவர் வந்தது. அறுபது சுவருக்கு அந்தப் பக்கம். அப்படியானால் ஓடை போவது ரஹ்மத்தின் முன்னறைக்கு அடியில், அவள் அம்மாவின் கட்டில் இருக்கும் இடத்தில்.

என் சமையலறை தப்பியது என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ரஹ்மத் பின்சுவருக்கு மேலே தலை நீட்டி, திறந்திருந்த பின்வாசல் வழியாகப் பார்த்து, "என்னாடி, வூட்டுக்குள்ளயே கோயில் சுத்துற?" என்றாள். "கால் வலிக்குது, அதான்," என்று உளறினேன்.

நோட்டை மூடப் போனபோதுதான் அட்டையின் உட்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு. உள்ளே, "ஒரு காலடி என்பது இவ்வளவு." பதினொரு வயதுப் பாதம். என் காலை அதன்மேல் வைத்தேன். விரல்கள் அத்தனையும் வெளியே நின்றன. அந்தக் காலால் அறுபது வைத்தால் பின்சுவரையே எட்டாது.

கணவரிடம் காட்டினேன். "உங்கப்பா கட்டுன சமையலறை. உன் காலு, உன் நோட்டு. நடுவுல என்னய இழுக்காத," என்றவர், கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் அடுப்ப கூடத்துல வெச்சுக்கலாம், எடம் இருக்குது," என்றார்.

இன்று எங்கள் மெயின் பெட்டியிலும் பீஸ் கட்டை இல்லை. தானாக விழும் ஸ்விட்ச் இருக்கிறது. அம்மா துடைத்த கட்டைகளைத் தமிழ்நாட்டு வீடுகளில் இனித் தேட முடியாது. உடைந்தவை மட்டும் உடைந்த அன்று இருந்ததுபோலவே எங்கள் அடியில் இருக்கின்றன.

நவம்பர் 13, புதன்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். வாசல் தெளிக்கவில்லை. வேறொரு அட்டையில் அந்தப் பாதத்தின் அளவுக்கு வெட்டியெடுத்து, கிணற்றுச் சுவரிலிருந்து தரையில் வைத்து வைத்து எண்ணிக்கொண்டு வந்தேன். அறுபதாவது, அடுப்பு மேடைக்கு நேர் கீழே முடிந்தது. அங்கே, ஓவர்சியர் வந்து தோண்டுவதற்காக, கோலமாவால் ஒரு கோடு. ஏழு காலடி தள்ளி, பின்சுவருக்கு இந்தப் பக்கமாகவே, இன்னொரு கோடு. பிறகு அடுப்பைத் தூக்கினேன். சத்தம் கேட்டு ரஹ்மத் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"விடியக்காலயில அடுப்ப எங்கடி தூக்கிகினு போற?"

"கூடத்துக்கு," என்றேன். "அம்மாவுக்கும் சேத்து டீ போடுறேன், செம்பு எடுத்துகினு வா."