டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம்

சிங்கம் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. அவளுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. போகப்போக ஆள் முகம்கூடத் தெரியாது என்று எங்கள் பினாங்கு ஜார்ஜ் டவுனில் டாக்டர் சொல்லிவிட்டார். தெரிகிறபோதே காட்டிவிடலாம் என்று ஆப்பிரிக்கா கிளம்பினோம். பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அண்ணனும் ஒட்டிக்கொண்டார். அதுதான் வினை.

நாங்கள் தங்கிய விடுதி நடுக்காட்டில். சுற்றி வேலி கிடையாது, கூடாரம்தான் அறை. ஆரஞ்சு, எலுமிச்சை எது இருந்தாலும் கொடுத்துவிடுங்கள், யானை வாசனை பிடித்து வந்து எதையும் உடைக்கும் என்று போன அன்றே மேனேஜர் சொன்னார். அண்ணனும்தான் தலையை ஆட்டினார்.

வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்த்தோம். எல்லாமே தூரத்தில். அவளுக்கு ஏதோ அசைகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கடைசிச் சாயங்காலம், குட்டிகளோடு ஒரு பெண்சிங்கம் பாதை ஓரமாகப் படுத்திருப்பதாகத் தகவல் வந்தது. அதற்குள் இருட்டிவிட்டது. விடிந்ததும் போகலாம், பக்கத்திலேயே ஜீப்பை நிறுத்துகிறேன், உங்கள் மனைவி கண்ணுக்கும் தெரியும் என்றார் ஓட்டுநர். மறுநாள் மதியம் எங்களுக்கு விமானம். சாப்பிடும்போது அவள் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

விடிகாலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். யாரும் வெளியே வரக்கூடாது என்று காவலாளி கத்தினார். வலைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கொம்பன் யானை எங்கள் ஜீப்பை முட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தது. அது போவதற்குள் வெயில் ஏறிவிட்டது, சிங்கம் பார்க்கப் போக இனி நேரமில்லை.

சாய்ந்து கிடந்த ஜீப் பக்கத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தை எடுத்து மேனேஜர் எங்களிடம் நீட்டினார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. தூரப் பயணம் என்றால் நாங்கள் நாலு டயருக்கும் பழம் வைத்து நசுக்கித்தான் வண்டியை எடுப்போம். காலையில் வைக்க விடமாட்டார்கள் என்று அண்ணன் முதல் நாள் ராத்திரியே வைத்திருக்கிறார். பினாங்கு பாசாரில் வாங்கி, காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பழம்.

"சொன்னாங்க இல்ல, அண்ணே?" என்றேன்.

"சாப்பிடற பழத்தத்தான் வேணாம்னாங்க. இது சாமிக்கு லா, தம்பி. கண்ணு கெட்டவள கூட்டிக்கிட்டுப் போறோம், தடங்கல் வரக்கூடாதுன்னுதான் வெச்சேன்."

அவள் காதில் விழும்படிதான் சொன்னார். அவள் தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனோம். வேறு யாரோ அந்தக் காட்டில் எடுத்த சிங்க வீடியோவை வாங்கிவைத்திருந்தார். பெரிய டிவியில் போட்டு, அவள் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டார். அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"மஞ்சளா ஏதோ இருக்கு."

"அதான் சிங்கம். ஆப்பிரிக்கா வரைக்கும் போகாமலே பாத்திருக்கலாம் போல லா" என்று சிரித்தார்.

"பாத்துட்டேன், மாமா" என்றாள், அவர் மனம் நோகக்கூடாது என்று.

நான் எழுந்து டிவியை அணைத்தேன். அதற்குப் பிறகு பட்டர்வொர்த் பக்கமே போகவில்லை.