வெள்ளைப் பூச்சுப் படகு

ஆம்பூரில் நான் குமாஸ்தாவாக இருந்த தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி, பழவேற்காட்டில் ஒரு பாய்மரப் படகு வாங்கியிருந்தார். அது ஆழத்தில்தான் நிற்கும். கரையிலிருந்து அதற்குப் போய்வர ஒரு சின்னத் துடுப்புப் படகு வேண்டும். நான் அந்த ஊரில் பிறந்தவன் என்பதால் என்னையும் கூட்டிப் போனார்.

இரண்டு படகுகள் விலைக்கு இருந்தன. இரண்டிலும் ஏறி, ஓரத்தில் நின்று பார்த்தேன். அகலமானது அசையவில்லை. வெள்ளைப் பூச்சு அடித்த ஒடுக்கமான படகு என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டது.

"அகலமானதையே எடுங்க, முதலாளி" என்றேன், நனைந்த வேட்டியைப் பிழிந்தபடி.

"இன்னாய்யா, தோல் ஊறவைக்கிற தொட்டி மாதிரி இருக்குது. வெள்ளையே போதும்."

மறுவாரமே, அவர் பாய்மரப் படகுக்குத் தாவியபோது வெள்ளைப் படகு சாய்ந்தது. எங்களை ஏற்றிவந்த துடுப்புக்காரரின் கை இரண்டு படகுகளுக்கும் நடுவே சிக்கி நசுங்கியது. முதலாளி மேலே நின்றுகொண்டு, "ஒழுங்கா பிடிக்கத் தெரியல, பேஜாரு புடிச்சவனே!" என்று அவரையே திட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தப்பு அவர் மேல இல்ல. இந்தப் படகை எடுத்தது நீங்க" என்றேன்.

அடுத்த மாதம் அகலமான படகையே வாங்கினார். துடுப்புப் போட வேறு ஆளை வைத்துக்கொண்டார். கையில் கட்டோடு கரையில் நின்ற மனிதரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.