டிலக்ஷி அடிவரை கொட்டிப் பார்த்த பெட்டி

டிலக்ஷி என்ற பெயரை நான் முதன்முதல் கேட்டது ஒரு செத்தவீட்டில். பாசையூரில் என் ஒன்றுவிட்ட தமையன் செத்துப்போனார். பூசைக்கு நேரமாகிவிட்டது, சுவாமியார் கோயிலில் காத்திருக்கிறார், பெட்டி மூடுகிறவன் மூடியோடு நிற்கிறான். ஆனால் ஒருவரும் மூட விடுகிறார்கள் இல்லை. "டிலக்ஷி வரட்டும், டிலக்ஷி வரட்டும்" என்று நாலு பக்கமும் சத்தம். செத்தவருக்கு நமக்குத் தெரியாத மகள் ஒருத்தி இருந்தாளோ என்றுகூட எனக்கு யோசனை போனது.

கொஞ்ச நேரத்தில் ஒரு மெல்லிய பெட்டை தோளில் பையோடு சைக்கிளில் வந்து இறங்கினாள். கமராவைக் கால்மாட்டில் நிறுத்தினாள். வெளிநாட்டுச் சொந்தங்கள் ஒவ்வொன்றாகப் போனில் வந்து சேருவதைப் பார்த்தபடி, "கனடா வந்திட்டுது. லண்டன் வந்திட்டுது. நோர்வே இன்னும் இல்லை, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். நோர்வே வந்த பிறகுதான் பெட்டியை மூடினார்கள்.

ஆரின் பிள்ளை என்று விசாரித்தேன். விசாரித்தால் சொந்தம். குருநகர் அருளப்புவின் இரண்டாவது மகள். அருளப்புவின் பெண்சாதி பெர்னடெட் என் சின்னம்மாவின் மகள். அப்படியென்றால் இந்தப் பெட்டைக்கு நான் பெரியம்மா. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வோடு நாங்கள் மன்னார்ப் பக்கம் போய்விட்டோம், திரும்பி வந்தது கனகாலம் கழித்துத்தான். இடையில் பிறந்த பிள்ளைகளை எனக்கு முகம் தெரியாது. அன்றைக்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வருவாள், நான் அவள் வீட்டுக்குப் போவேன்.

செத்தவீடு, கலியாணவீடு, முதல் நன்மை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, தன் லப்டொப்பில் வெட்டி ஒட்டிக் கொடுப்பதுதான் அவளுடைய தொழில். அவளுடைய கலியாணத்தன்றே, கூறைச்சேலையோடு எழும்பிப் போய் லைற்றைத் திருப்பி வைத்துவிட்டு வந்து இருந்தவள். மாப்பிள்ளை ஜெரிசன் கடலுக்குப் போகிறவன், பகிடிக்காரன். அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

அவளிடம் ஒரு குணம். எடுத்ததை அழிக்கமாட்டாள். வேலை முடிந்து படத்தைக் கொடுத்த பிறகும் வைத்திருப்பாள். ஆறு மாதம் கழித்து ஒருத்தி வந்து, "பிள்ளை, தங்கச்சியின்ரை கலியாணத்தில அப்பா ஒரு மூலையில நிண்டு இருமினவர், அது உன்னட்டை இருக்கோ?" என்று கேட்பாள். இருக்கும். ஆனால் லப்டொப்புக்குள் இருந்த இடம் அரை டெராபைட்தான். அது மூச்சுமுட்ட நிரம்பிவிட்டது. வெளியில் கொழுவுகிற பழைய ஹாட் டிஸ்க் தட்டுகள் நாலு வைத்திருந்தாள். அதில் ஒன்று ஒரு நாள் கீச்சிட்டுவிட்டு நின்றுபோனது. மற்ற மூன்றும் நிரம்பிவிட்டன.

இப்படி இருக்கும்போதுதான் போன ஆடியில் செபநாயகம் அண்ணை செத்தார். அவருடைய பெண்சாதி மரியநாயகியும் நானும் சின்ன வயதில் கோயிலில் ஒன்றாக முதல் நன்மை எடுத்தவர்கள். அவர்களுக்கு ஒரே மகன், றோய். பிரான்சில் இருக்கிறான். அங்கே தங்குகிறதுக்குப் பத்திரம் இல்லை, வர முடியாது. போனில்தான் பார்த்தான். சேமக்காலையில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும் மட்டும் எல்லாம் சரி. முதல் மண் போடுகிற நேரம் லைன் அறுந்துவிட்டது.

முதல் மண் மகன் போடவேண்டியது. மகன் இல்லாவிட்டால் அவனுடைய இடத்தில் யாராவது நிற்பார்கள். நின்றவருக்கு அந்த மகன் சாகும்வரை கடமைப்பட்டவன். றோய்க்கு அது ஆர் என்று தெரியவேண்டும். செபநாயகத்தின் தம்பி, "நான்தான்" என்றார். மருமகன், "இல்லை, நான்" என்றார். மரியநாயகிக்கு அந்த நேரத்தில் ஒன்றும் நினைவில்லை. "முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு முன்னம் எனக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கோ" என்று பிள்ளை கெஞ்சினான்.

டிலக்ஷியின் கையிலிருந்த கமராவில் ஆட்களின் முதுகுதான் விழுந்திருந்தது. இன்னொரு கமராவைச் சேமக்காலை மதிலில் வைத்திருந்தாள். அது பெரிய படம் பிடிக்கிற கமரா. அதன் சின்னத் திரையில் பார்த்தால் எல்லாரும் எறும்பு. லப்டொப்பில் போட்டுப் பெருப்பித்தால் முகம் தெரியும். ஆனால் அந்தப் படத்தைத் திறக்க லப்டொப் வெற்றிடம் கேட்டது. வெற்றிடம் எங்கே?

"அப்ப ஆரின்ரையையாவது அழியன்" என்றேன்.

"ஆரின்ரையை, பெரியம்மா? உங்கடை தமையன்ரையையோ?"



அந்த நேரம் பார்த்து யாகப்பர் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து ஸ்ரெல்லா வந்தாள். அருளப்புவின் தங்கச்சி, டிலக்ஷிக்கு மாமி. கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். தீப்பெட்டி இரண்டை ஒட்டிவைத்த அளவு, கறுப்பு, நல்ல பாரம்.

"பதினாறு டெராபைட். இன்ரநெற்றில எடுத்தனான். எறி பிள்ளை, உன்ரை உந்தப் பழைய தட்டுக் குப்பையெல்லாம். குருநகர் முழுக்க உதுக்குள்ள அடங்கும்."

டிலக்ஷி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினாறு எப்படி இவ்வளவுக்குள் அடங்கும் என்று அவளுடைய கண் கேட்டது. வாய் கேட்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். கரையில் ஒரு பெட்டி இறால் வாங்கினால் மேலே பார்த்து வாங்கமாட்டோம். மேலே பெரிய இறாலைப் பரப்பி, அடியில் பொடி இறாலும் ஐசும் வைப்பார்கள். ஆகவே நிலத்தில் கொட்டு என்போம். கொட்டாதவனிடம் வாங்கமாட்டோம். ஆனால் இது வியாபாரியின் பெட்டிக்குத்தான். சொந்தக்காரர் கொண்டுவந்த பெட்டியைக் கொட்டிப் பார்த்தால், அவர்களுடைய முகத்தில் கொட்டின மாதிரி. டிலக்ஷி அருளப்புவின் மகள். கொட்டவில்லை.

லப்டொப்பில் வேலைக்குக் கொஞ்ச இடம் வேண்டும். மற்றவர்களுடையதைத் தொட மனம் வரவில்லை. தன்னுடைய கலியாணத்தைப் பெட்டிக்கு மாற்றினாள். மாறிவிட்டது என்று காட்டியது. லப்டொப்பில் இருந்ததை அழித்தாள். பிறகு மதில் கமராவின் மெமரி காட்டிலிருந்து செபநாயகத்தின் அடக்கத்தையும் பெட்டிக்குள் போட்டாள். பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது. ஸ்ரெல்லாவுக்குச் சந்தோசம். திருவிழா முடிய விமானம் ஏறிவிட்டாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை ஒரு கலியாணம், அதற்கு அந்த மெமரி காட் வேண்டும். துடைப்பதற்குக் கமராவில் போட்டுவிட்டாள். விரலை வைக்கப்போனவளுக்கு, உந்தப் பெட்டி எவ்வளவு கெதியாகப் படத்தைத் திறக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. அந்த ஆசைதான் காட்டில் இருந்த அடக்கத்தைக் காப்பாற்றியது. அடக்கத்தைத் திறந்தாள். திரை கறுப்பு. கலியாணத்தைத் திறந்தாள். அதுவும் கறுப்பு.

நான் போனபோது முற்றத்தில் இருந்தாள்.

"பெரியம்மா, கலியாணம் போச்சுது."

"ஆரின்ரை? நாளையான்ரையோ?"

"என்ரை."

இரண்டாவது பிரதி கீச்சிட்டு நின்ற தட்டில் இருந்ததாம், அதைத் திருத்த ஏலாதென்று எறிந்தாயிற்று. நான் அழுதேன். அவள் அழவில்லை. என்ன நடந்தது என்று தெரியவேண்டும் அவளுக்கு. ஒரு ஜிகாபைட் அளவுப் படங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டு, அவற்றை அந்தப் பெட்டிக்குள் போட்டுப் போட்டு, ஒவ்வொரு தரமும் முதலாவதைத் திறந்து பார்த்தாள். அறுபது வரை முதலாவது திறந்தது. பிறகு புதிது வரவரப் பழையதின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன. கடைசியில் கத்திமுனையால் பெட்டியைத் திறந்தாள். உள்ளே போனில் போடுகிற சின்ன மெமரி காட் ஒன்று பசையால் ஒட்டியிருந்தது. பக்கத்தில், பாரத்துக்கு ஓர் இரும்புத் துண்டு.

ஜெரிசன் அதைக் கையில் வைத்துப் பார்த்து, "மேல இறால், அடியில ஐஸ்" என்றான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "போகட்டும் விடு. அந்த வீடியோவில நீ என்னைப் பாத்ததைவிட லைற்றைப் பாத்ததுதான் கூட" என்றான். அப்போதுதான் அவள் கண்ணைத் துடைத்தாள்.

சனிக்கிழமைக் கலியாணத்தை இரவல் மெமரி காட்டில் எடுத்தாள். முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஐந்து நாள். தன் கலியாணத்தை அழித்துக் கிடைத்த இடம் அந்த மதில் படத்துக்குப் போதவில்லை. லப்டொப்புக்கு உள்ளேயே போடுகிற எஸ்.எஸ்.டி. என்கிற சேமிப்புச் சாமானில் பெரியதாக ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தாள். டவுனில் கேட்ட கடைகளில், உடைத்துச் சோதித்துப் பார்க்க விடமாட்டோம் என்றார்களாம். சாவகச்சேரியில் தியாகராசா என்று ஒருவர் லப்டொப் திருத்துகிறார், அவர் விடுவார் என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் அங்கே ஒரு பெறாமகளை, தங்கச்சி முறையானவளின் மகளை, பார்க்கவேண்டி இருந்தது. ஒரே பஸ்ஸில் போனோம்.

தியாகராசா மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட மனிசன். முதலில் அழிந்த கலியாணத்தை மீட்கலாமோ என்று கேட்டாள்.

"பழைய தட்டெண்டால் சுரண்டிப் பாக்கலாம், தங்கச்சி. உந்த எஸ்.எஸ்.டி. அப்பிடி இல்லை. அழியெண்டு சொன்னால் தானே கூட்டித் துடைச்சு வைச்சிடும். நல்ல மருமகள் மாதிரி."

"என்ரை மாமியார் உதைக் கேக்கவேணும்" என்றாள்.

லப்டொப்பின் அடியைக் கழற்றினார். உள்ளே எஸ்.எஸ்.டி. என்பது சூயிங்கம் அளவில் ஒரு பச்சைத் தகடு. இதற்குள்ளா இவ்வளவு சனமும் இருந்தது என்று எனக்குப் புதினமாக இருந்தது. அது பொருந்துகிற இடம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு டெராபைட் ஒன்றையும் நாலு டெராபைட் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"எது நல்லது அண்ணை?"

"ஆருக்கு நல்லது? நீ ஒவ்வொரு நாளும் எழுதி எழுதி அழிக்கிற ஆளோ, எழுதிப்போட்டு வைச்சிருக்கிற ஆளோ?"

"நான் அழிக்கிறேல்லை."

"அவள் அழிச்சது ஒண்டே ஒண்டுதான்" என்றேன் நான். அவள் என்னை முறைத்தாள்.

நாலு டெராபைட்டில் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் கறுப்புச் சில்லுகள். வேகமானது என்றார். வைத்துப் பார்த்தார், முதுகு தடித்து லப்டொப்பின் மூடி பூட்டவில்லை. அதை ஒதுக்கினார். மற்றதற்கு ஒரு பக்கம்தான் சில்லு.

"உதில ஒரு அறைக்குள்ள நாலு பேரைப் படுக்கவிட்ட மாதிரி நெருக்கி எழுதும். அந்த இரண்டு டெராபைட்டில அறைக்கு மூண்டு பேர். மூண்டு பேரெண்டால் போக்குவரவு சுகம், கனகாலம் அடிச்சு வேலை வாங்கலாம். நாலு பேரெண்டால், நீளமா எழுதேக்கை இடையில இளைக்கும். ஆனால் படுத்திட்டாங்கள் எண்டால் எழுப்பிப் பாக்கிறதில பிழை இல்லை."

டிலக்ஷி யோசித்தாள். எவ்வளவு இளைக்கும், சூடாகுமோ, எத்தனை தரம் எழுதலாம், பாவிக்காமல் கிடந்தால் மறந்துபோகுமோ என்று கேட்டுக்கொண்டே போனாள். மனிசன் சலிக்கவில்லை. கடைசியில் சொன்னாள்: "என்ரை சனத்துக்கு நடமாட்டம் இல்லை அண்ணை. படுத்திருக்க இடம்தான் வேணும். நாலைத் தாங்கோ. ஆனால் கொட்டிப் பாத்துத்தான் எடுப்பன்."

"என்னத்தைக் கொட்டுறது?"

"விளிம்புமட்டும் நிரப்பி, முதலாவதைத் திறந்து பாக்கவேணும்."

"அதுக்குப் பின்னேரம் ஆகும், பிள்ளை!"

"நாங்கள் இருக்கிறம்."

அவர் சிரித்தார். "குருநகரோ? அதுதானே பாத்தன்" என்று தன் மெசினில் கொழுவி, அவளுடைய படங்களையே திரும்பத் திரும்ப நிரப்பவிட்டார். நான் பெறாமகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, டிலக்ஷிக்கும் பார்சல் கட்டிக்கொண்டு வந்தேன். அவள் கதிரையை விட்டு அசையவில்லை. முதலில் ஓட்டமாக ஓடியதாம், நடுவில் அவர் சொன்ன மாதிரியே இளைத்ததாம். எந்த இடத்தில் இளைத்தது என்று கையில் எழுதி வைத்திருந்தாள். நாலு மணிக்கு நிரம்பியது. முதலாவது படத்தைத் திறந்தாள். ஒரு கோயில் வாசல், வெயில், மணிச்சத்தம். முழுக்க ஓடியது. நடுவில் ஒன்றைத் திறந்தாள், கடைசியைத் திறந்தாள். எல்லாம் ஓடின.

"திருப்தியோ?"

"ஓம் அண்ணை. போடுங்கோ."

பழையதில் இருந்ததையெல்லாம் புதிதுக்கு மாற்றிவிட்டு, கழற்றிய தகட்டை அவர் ஒரு சின்னக் கூட்டில் போட்டுக் கொடுத்தார். "உதில அடக்கத்துக்கு ரெண்டாம் பிரதி வை. ஒரு இடத்தில மட்டும் எதையும் வையாதை" என்றார்.

முப்பத்தோராம் நாளுக்கு முதல்நாள், மரியநாயகியின் வீட்டில் லப்டொப்பை மேசையில் வைத்தாள். போனில் றோய். செபநாயகத்தின் தம்பி ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம். மதிலிலிருந்து எடுத்த படம். டிலக்ஷி அதைப் பெருப்பித்துக்கொண்டே போனாள். பெட்டி இறங்குகிறது. தம்பி குனிகிறார், கயிறு எடுக்க. மருமகன் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர்களுக்கு இடையால் காப்புப் போட்ட ஒரு மெல்லிய கை வருகிறது. மண்ணை எடுக்கிறது, கொஞ்ச நேரம் வைத்திருக்கிறது, போடுகிறது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் போடுகிறார்கள்.

"நிப்பாட்டு. உது ஆரின்ரை கை?" என்றான் றோய்.

மரியநாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தன்னுடைய கையை மேசையில் விரித்துப் பார்த்தாள்.

"உது என்ரை காப்பெல்லோ" என்றாள். "நானோ போட்டனான்?"

"நீங்கள்தான் அம்மா" என்றான் றோய். "திருப்பிப் போடுங்கோ அக்கா, இன்னொருக்காப் பாக்கிறன்."

டிலக்ஷி திருப்பிப் போட்டாள். அன்றைக்கு எத்தனை தரம் போட்டாள் என்று எனக்கு நினைவில்லை.

ஸ்ரெல்லா பிறகு ஒரு நாள் போன் எடுத்து, "பிள்ளை, என்ரை பெட்டி எப்பிடி?" என்று கேட்டாள். "அலுமாரியில வடிவா இருக்கு மாமி" என்றாள் டிலக்ஷி. அது பொய் இல்லை. இரும்புத் துண்டோடு அங்கேதான் இருக்கிறது. இப்போது யார் என்ன கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கி, நன்றி சொல்லி, அவர்கள் படலை தாண்டிய பிறகு கொட்டிப் பார்க்கிறாள்.

கலியாண வீடியோ திரும்பி வரவில்லை. ஜெரிசனின் சினேகிதன் ஒருவன் போனில் எடுத்த மூன்று நிமிடம் கிடைத்தது. அதில் அவள் லைற்றைத் திருப்புகிறாள்.

டிலக்ஷி இப்போது குருநகரில், தகப்பன் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில், ஜெரிசனோடு இருக்கிறாள். நாலு டெராபைட்டில் ஒன்றரை நிரம்பியிருக்கிறது.