காதைக் களைக்கவைத்த ஸ்டீரியோ

எதிர்வீட்டில் புது ஸ்டீரியோ செட் வாங்கியிருக்கிறார்கள். வந்து கேளுங்க என்று கூப்பிட்டு, தரையும் சுவரும் பளபளக்கிற ஹாலில் உட்காரவைத்துப் பாட்டுப் போட்டார்கள். காபி ஆறுவதற்குள் காதுக்குள் அந்தப் பழைய கூச்சம் வந்துவிட்டது.

கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்த புதிதில் எங்கள் முன்னறையும் இப்படித்தான் பளபளத்தது. என் வீட்டுக்காரர் பீங்கான் கம்பெனியில் சூளைப் பக்கம் சூப்பர்வைசர். ஓரம் கோணிப்போன டைல்ஸைக் கொண்டுவந்து நாலு சுவரிலும் ஆள் உயரத்துக்கு அவரே ஒட்டியிருந்தார். குளியலறையில் குடித்தனம் நடத்துவது போலிருக்கும். புதுப்பெண் என்பதால் நான் வாய் திறக்கவில்லை.

அந்த அறைக்குத்தான் ஸ்டீரியோ வந்தது. துபாயில் இருந்த மங்கலம்பேட்டை நண்பர் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. ஸ்பீக்கர்களை மூலைக்கு ஒன்றாகச் சுவரோடு ஒட்டிவைத்து, கீச்சுச் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருகி, எதிரே ஒரே நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். ஜால்ரா சத்தம் ஊசி மாதிரி இறங்கியது.

"எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

இந்த ஒரு பொய்யால் தினமும் சாயங்காலம் அந்த நாற்காலி எனக்கென்று ஆயிற்று.

சத்தம் அதிகம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் பாட்டு நின்ற பிறகும் காது களைத்துப்போய், யார் பேசினாலும் எரிச்சல் வரும். டாக்டரிடம் காட்டினோம். காதில் ஒன்றுமில்லை என்றுவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. காதில் கோளாறில்லை என்றால் மனசில்தானே இருக்கவேண்டும்?

"நான் செய்யற எதுவுமே உனக்குப் புடிக்கல," என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள் நான் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறிவிட்டேன், அம்மா வீட்டுக்கு.

அப்பா சமாதானம் பேச என்னை அழைத்துக்கொண்டு வந்தார். மருமகனோ, நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் அப்பாவை அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார். அப்பா மரியாதைக்காக நாலு பாட்டுக் கேட்டார். பிறகு எழுந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க மாப்ள, போயிட்டு வரேன்," என்றார். பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. என்னை மட்டும் விட்டுவிட்டுத் தப்பித்துக்கொண்டார்.

அந்த வாரமே மழை. துவைத்த போர்வைகளை முன்னறையில் கொடி கட்டிக் காயப்போட்டேன். சாயங்காலம் பாட்டைப் போட்டவர் முகம் வாடிவிட்டது. செட்டில் ஏதோ கெட்டுப்போயிற்று, சத்தம் மழுங்கிவிட்டது என்றார்.

"ஒண்ணும் கெடல. இப்பதாங்க காதுக்கு எதமா இருக்குது."

போர்வைகளை எடுத்துப் பார்த்தார், கூச்சம் வந்தது. திரும்பப் போட்டார், போயிற்று. அவர் காதும் இத்தனை நாள் நொந்துதான் இருந்திருக்கிறது, கௌரவத்துக்காகச் சொல்லவில்லை. மறுநாளே, சத்தம் மோதித் திரும்பாதபடி டைல்ஸ் மேல் கனமான ஜமக்காளம் தொங்கியது. ஸ்பீக்கர்கள் மூலையை விட்டு முன்னால் வந்தன, ட்ரெபிள் பாதிக்கு இறங்கியது. வருகிறவர்களிடமெல்லாம் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். எனக்குப் பக்கத்தில் இரண்டாவது நாற்காலி வந்துவிட்டதே.

காதுக்கு நிஜமான ஓய்வு என்னவோ கேசட்டால்தான். ஒரு பக்கம் முடிந்து டக்கென்று நிற்கும். எழுந்து திருப்பிப் போட இரண்டு பேருக்கும் சோம்பலாக இருக்கும். அப்போதுதான் பேசிக்கொண்டோம். சூளைச் சூட்டில் நிற்க முடியவில்லை, வேலையை விட்டுவிடட்டுமா என்று அவர் கேட்டதும், நான் சரியென்றதும் அப்படி ஒரு சமயத்தில்தான்.

இப்போது போனில் ஒரு பாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பாட்டு வருகிறது. யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார், அதற்குள் அடுத்தது தொடங்கிவிடும்.