மீனாம்பிகை வைத்த கல்

வழக்கமாக முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் இறந்தவரின் வரலாற்றை ஒரு வாத்தியார் எழுதிக் கொடுப்பார். ‘இன்முகம் கொண்டவர், எவரையும் கடிந்து பேசாதவர்’ என்று எல்லாருக்கும் ஒரே வரி இருக்கும். என் மனுசி அப்படிப்பட்டவள் அல்ல. கடிந்து பேசினாள், காரணத்தோடு பேசினாள். அதனால் மூன்றாம் வகுப்போடு நின்ற நானே எழுதுகிறேன். கல்லேற்றும் கூலியாகத் தொடங்கி இரண்டு உழவு இயந்திரத்துக்குச் சொந்தக்காரனான முத்துக்குமாருக்கு இதுவும் ஏலும்.

மீனாம்பிகை மயிலிட்டியில் பிறந்தவள். நானும் அவ்வூர்தான். அவளுடைய தகப்பனுக்கு இரண்டு வள்ளம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊரை விட்டு ஓடி வந்தபோது எங்களிடம் ஒரு சைக்கிளும் கைக்குழந்தை மதுராவும் மட்டுமே இருந்தன. வழுக்கையாற்றங்கரையில் யாரும் வாங்காத பள்ளக்காணி ஒன்றைச் சிறுகச் சிறுக வாங்கினோம். உப்புத் தண்ணீரில் வளர்ந்தவள் நெல் விதைத்தாள். முதல் போகத்திலேயே பக்கத்துக் காணிக்காரர் வந்து எங்கள் கதிரைத் தடவிப் பார்த்தார்கள். பொய் சொல்லவில்லை, உயிரோடிருப்பவர்களைக் கேளுங்கள்.

வழுக்கையாறு கோடையில் ஆடு மேயும் பள்ளம். மாரியில்தான் அது ஆறு. அப்போது இரண்டு பக்க வயலிலும் ஏறிப் படுத்து, ஆறுதலாக இறங்கி அராலிப் பக்கம் போகும். வயல் இருந்தவரை யாருக்கும் தொல்லை இல்லை.

எதிர்க்கரை வயலைச் சிவரூபன் வாங்கினான். கலியாண மண்டபம் கட்டவென்று கல்லும் சிவப்பு மண்ணும் லொறி லொறியாகக் கொட்டி, ஆற்றுக்குள்ளேயே மதில் எழுப்பினான். இருபத்தைந்து அடி அகலமாகப் போன ஆறு அந்த இடத்தில் ஒன்பது அடியானது. நானே முழக்கயிறு பிடித்து அளந்தேன். மதில் பாதி எழும்பும்போதே மீனாம்பிகை அவனிடம் போனாள்.

“தம்பி, தண்ணியை ஒரு பக்கத்தாலை நெருக்கினா அது மற்றப் பக்கத்தைத் தின்னும். எங்கடை கரை போயிடும்.”

“கடற்கரையிலை இருந்து வந்தனீங்கள், ஆத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்றான். நின்ற மேசன்மாரும் சிரித்தார்கள்.

அந்த மாரியிலேயே எங்கள் வேலிக்கு நட்ட கதியால் தடி ஒரு நிரை ஆற்றோடு போனது. உள்ளே தள்ளி இன்னொரு நிரை நட்டாள். அடுத்த மாரி அதையும் கொண்டுபோய், கரையையும் உடைத்து, எங்களோடு சேர்த்து ஏழு பேரின் வயலை மூடியது. கதிர் வெளிவராத குடலைப் பயிர் அழுகியது. கோயில் மண்டபத்தில் சனம் கூடியபோது, கேள்வி தன் மதில் பக்கம் திரும்ப முதல், சிவரூபன் எழும்பி, மீனாம்பிகைதான் தன் வயலுக்குத் தண்ணீர் எடுக்க மண்வெட்டியால் கரையை வெட்டினாள் என்றும், அதைத் தான் கண்ணால் கண்டதாகவும் சொன்னான். அவள் எல்லாரையும் ஆற்றுக்குக் கூட்டிப்போய் உடைவைக் காட்டினாள். மண்வெட்டி வெட்டினால் நேராக நிற்கும், இது அடியில் அரித்துச் சரிந்த மண் என்றாள். பார்த்தார்கள். ஆனால் மண்டபக்காரனின் சொல் பெரிதாகப் போயிற்று.

தைப்பூசத்துக்கு, புது நெல்லரிசியில் பொங்கும் புதிர்ப் பொங்கலுக்காக வயலுள்ள வீடெல்லாம் அளந்து ஒரு கொத்து அரிசி கோயிலுக்குக் கொடுக்கும். மேட்டுத்துண்டில் தப்பிய நெல்லைக் குற்றி அவளும் கொண்டுபோனாள். கரையை வெட்டினவளின் அரிசி வேண்டாமென்று அந்தக் கொத்தைத் திருப்பிவிட்டார்கள். முப்பது வருடம் வாங்கிய கோயில். அவள் அழவில்லை. அந்த அரிசியைச் சமைக்கவும் இல்லை. போத்தலில் போட்டுக் குசினித் தட்டில் வைத்தாள். இன்றும் இருக்கிறது.

ஆமி பிடித்து வைத்திருந்த மயிலிட்டிக் காணியைத் திரும்ப விட்டபின் எங்கள் பழைய வீடு இடிந்து கல்லாகக் கிடந்தது. “உழவு இயந்திரத்தை எடுங்கோ” என்றாள். தகப்பன் கடற்கரையில் கல் அடுக்கி வள்ளத்துறையைக் காத்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள். ஒரு பக்கம் மண் சேரும், எதிர்ப் பக்கம் அரிக்கும் என்பது அவளுக்கு ஏழு வயதிலேயே தெரியும். அந்தக் கல்லைப் பதினொரு நடை ஏற்றினேன். எங்கள் கரையிலிருந்து, ஆறு தின்ற எங்கள் காணியின் எல்லைக்குள்ளேயே, ஆற்றை நோக்கிச் சரிவாக ஒரு கல்லணை அடுக்கினாள். ஒவ்வொரு கல்லையும் எப்படி வைப்பதென்று அவள்தான் சொன்னாள். சொந்தமாக உழவு இயந்திரம் வாங்கியபின் எனக்கு யாரும் வேலை சொன்னது அந்த ஒரு முறைதான்.

முதல் மாரியில் எங்கள் பக்கம் மண் படிந்தது. ஆறு வளைந்து மதிலின் அடிக்குப் போனது. இரண்டாம் மாரியில் கொட்டிய மண் கரைய, மதில் வெடித்து, மண்டபத்தின் சமையற்கட்டு ஆற்றுக்குள் சரிந்தது. மறுநாள் கலியாணச் சமையலுக்கு வைத்த பெரிய கிடாரம் மாப்பிள்ளைக்கு முன்னமே புறப்பட்டு அராலிக்குப் போய்விட்டது. ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

சிவரூபன் எங்கள் வேலிப் படலைக்கு வந்தான்.

“அக்கா, அந்தக் கல்லை எடுத்துவிடுங்கோ. இன்னொரு மாரிக்கு மண்டபம் தாங்காது.”

“எடுக்கிறன். புதிர்ப் பொங்கலிலை வந்து, கரையை வெட்டினது மீனாம்பிகை இல்லை எண்டு சொல்லு.”

“சனத்துக்கு முன்னாலை எப்பிடி அக்கா?”

“முந்தியும் சனத்துக்கு முன்னாலைதானே சொன்னனீ.”

அவன் போனான். மதிலடிக்குக் கொங்கிறீற் போட்டான். பொங்கலுக்கு வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. இந்தப் புரட்டாதியில் மீனாம்பிகை கண்ணை மூடினாள். செத்த வீட்டுக்கு அவன் வந்து மாலை போட்டான். பெட்டியோடு அந்த மாலை போக நான் விடவில்லை.

கனடாவிலிருந்து மகள் மதுரா, “அப்பா, நினைவு மலரிலை உது வேண்டாம், சனம் என்ன சொல்லும்?” என்று கேட்டாள். சனம் சொன்னதால்தான் எழுதுகிறேன் என்றேன்.

ஆகவே வாசிப்பவர்கள் அறிக: கரையை வெட்டியது என் மனுசி அல்ல. ஒடுக்கிய ஆறு தன் வழியை எடுத்தது. இந்த மலரின் முதற் பிரதியை நானே சிவரூபன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவன் சமையற்கட்டைத் திரும்பக் கட்டிவிட்டான், ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டது. வரும் தைப்பூசத்தில் வாய் திறந்து சொன்னால், அவள் கொடுத்த வாக்குப்படி அன்றே கல்லை எடுப்பேன். சொல்லாவிட்டால், மயிலிட்டியில் எங்கள் வீட்டின் குசினிப் பக்கக் கல் இன்னும் ஏற்றாமல் கிடக்கிறது.