முப்பத்தேழு பல்

"தம்பி, இந்தக் கடைசிப் பல்லு மட்டும் என்ன பாதியா நிக்கி?" என்று தங்கையா அண்ணாச்சி கேட்டார்.

என் கணவர் பல்சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அரைப் பல்லுக்குத்தான் இடம் இருந்தது. ஒரு நாள் உழைப்பு வீண்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பில் ஒரு லேத்தும் இரும்பைச் செதுக்கும் பழைய மில்லிங் மெஷினும் வைத்திருந்தோம். லேத் அவர் பொறுப்பு. பல் வெட்டும் வேலை வந்தால் டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியைச் சுற்றுவது நான். கல்யாணமாகி வந்த புதிதில் கை உதவிக்கு என்று நின்றேன். அதுவே என் தொழிலாகிவிட்டது.

தங்கையா அண்ணாச்சிக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் மிளகாய்த் தோட்டம். கிணற்று பம்பை ஓட்டும் பல்சக்கரம் உடைந்துபோய் எங்களிடம் வந்திருந்தார். சீமையிலிருந்து வந்த பழைய பம்பு, ஸ்பேர் கிடைக்காது. அந்த வருஷம் சாரலும் பிந்தியது. செடியோ பூவெடுத்து நின்றது.

இல்லாத தட்டு

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். டிவைடிங் ஹெட் ஒரு வட்டத்தைச் சம பங்காகப் பிரித்துத் தரும் கருவி. கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால், அதில் பிடித்திருக்கும் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இருபது பல் வேண்டுமென்றால் பல்லுக்கு இரண்டு சுற்று, சுலபம். முப்பத்தேழு பல்லுக்கு ஒரு முழுச் சுற்றும், மீதிக்கு முப்பத்தேழு துளை உள்ள வட்டத்தில் மூன்று துளையும் நகர்த்த வேண்டும். அந்தத் துளைவட்டம் உள்ள இன்டெக்ஸ் பிளேட் என்ற துளைத்தட்டு எங்களிடம் இல்லை. ஹெட்டோடு வரும் மூன்று தட்டில் இரண்டுதான் இருந்தன. அதனால் இவர் சக்கரத்தின் மேல் காகிதப் பட்டையைச் சுற்றிக் கோடு கிழித்து வெட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பல்லிலும் மயிரிழை பிசகு. எல்லாம் சேர்ந்து கடைசிப் பல்லைத் தின்றுவிட்டது.

மூன்றாவது தட்டு குற்றாலம் ரோட்டில் சாமுவேல் அண்ணாச்சியின் பட்டறையில் இருந்தது. அவரும் இவரும் கூட்டாகத் தொழில் செய்து, சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். சாமான்களைப் பங்கு வைத்தபோது ஹெட் எங்களுக்கு வந்தது. ஒரு தட்டு அவர் பெட்டியில் தங்கிவிட்டது. அவர் கொடுக்கவில்லை, இவர் கேட்கவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தாலும் பேச்சில்லை.

"நான் போயி கேட்டுட்டு வாரேன்" என்றேன்.

"அங்கன போவாத, கோமதி. அவன் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவ. செடி கருகுதுல்லா."

நான் கிளம்பிவிட்டேன்.

சாமுவேல் அண்ணாச்சி

வழியெல்லாம் எப்படிப் பேசுவதென்று யோசித்துக்கொண்டே போனேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"வாங்க மதினி. என்ன, இவ்வளவு தூரம்?"

"அண்ணாச்சி, அந்த மூணாவது தட்டு வேணும். முப்பத்தேழு பல்லு வெட்டணும். அவுக ஒரு சக்கரத்த ஏற்கெனவே கெடுத்துட்டாவ."

அவர் சிரிக்கவில்லை. "அவன் அனுப்புனானா?"

"இல்ல. போவாதன்னாவ. நானாத்தான் வந்தேன்."

உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தார். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருந்தார். நான் கை நீட்டினேன்.

"கனமா இருக்கும் மதினி. நானே கொண்டு வாரேன்."

சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம்தான் கனம் அது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

வீட்டில் ஆண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இவர் புது இரும்பைக் கடைந்து ஏற்றினார். அவர் தட்டை மாட்டினார்.

"கட்டரத் தொட்டும் தொடாம விடு. மொதல்ல சுத்திக் கோடு போட்டுப் பாப்போம்" என்றார் சாமுவேல் அண்ணாச்சி, மெஷினைப் பார்த்தபடி.

"சரி" என்றார் இவர்.

ஒரு சுற்று, மூன்று துளை, சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலுக்கு லாக். கட்டர் ஒரு கீறல் போடும். மறுபடி ஒரு சுற்று, மூன்று துளை. கைப்பிடி துளையைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய்த் திரும்ப வர வேண்டும்; இல்லாவிட்டால் ஹெட்டுக்குள் பல்லுக்குப் பல் இருக்கும் தளர்வு ஏமாற்றிவிடும். கடைசிக் கீறலும் விழுந்த பிறகு இன்னொரு தடவை சுற்றினேன். கட்டர் முதல் கீறலின் மேலேயே வந்து இறங்கியது.

"விழுந்துட்டுலே சாமுவேலு!" என்று இவர் கத்திவிட்டார்.

அதன்பின் முழு ஆழத்துக்கு வெட்டினோம். தங்கையா அண்ணாச்சி சக்கரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். பம்பு ஓடியது, செடியும் தப்பியது.

அன்று சாயங்காலம் இவர் தட்டைக் கழற்றித் துடைத்து நீட்டினார்.

"இருக்கட்டும்லே. ஹெட்டு இங்கன கெடக்கு, எனக்கு இது என்னத்துக்கு?" என்றார் சாமுவேல் அண்ணாச்சி.

"அப்ப இத்தன நாளும் ஏன்லே வச்சிருந்த?"

"நீ வந்து கேப்பன்னுதான்."

அதற்குப் பிறகு அவரிடம் வந்த பல் வேலையெல்லாம் எங்கள் சாய்ப்புக்கு வந்தது. எங்களால் முடியாத டிரில்லிங் வேலை அவரிடம் போனது. எங்கள் பிள்ளைகள் படித்ததில் அவர் அனுப்பிய வேலைக்கும் பங்குண்டு. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கையில் கருவி இல்லையென்றால் ஒப்பேற்றாதீர்கள். யாரிடம் இருக்கிறதோ அவரிடம் நேரே போய்க் கேளுங்கள். அவரும் நீங்கள் வந்து கேட்பீர்கள் என்றுதான் காத்துக்கொண்டிருப்பார்.