பக்கிளுக்குப் போன கை

ஆகஸ்டு கடைசி வாரத்தில் என் அக்கா மார்லிஸின் வீட்டு வாசல் மேப்பிள் மரத்தில் அவள் புருஷன் வெர்லின் தொங்கிக்கொண்டிருந்தான். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்தான். ஆனால் ரோட்டில் போகிற எல்லார் கண்ணிலும் படுகிற இடம். வெர்லின் முப்பது வருஷமாகப் பால் லாரி ஓட்டுகிறவன். கூட வேலை செய்கிறவர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தன் வண்டியை நிறுத்தி, காயப்போட்ட துணியை எப்போது எடுப்பீர்கள் என்று விசாரித்துவிட்டே போனான்.

அவனை அப்படித் தொங்கவிட்டவள் அக்காதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்டோபரில், மான் வேட்டைக்காக ஓக் மரத்தில் சாத்திக் கட்டியிருந்த ஏணி நாற்காலியிலிருந்து அவன் விழுந்தான். பதினாறு அடி. நாற்காலியை மரத்தோடு இழுத்துக் கட்டியிருந்த பட்டையை அணில் கடித்து வைத்திருந்தது. அது அறுந்து போனது. நாலு மணி நேரம் சருகில் கிடந்தான். தேடிப் போய்க் கண்டுபிடித்தவள் அக்கா. இடுப்பெலும்பில் ஒரு தகடு, ஏழு திருகு. உடம்புக் கயிற்றை மரத்தில் மாட்டியிருக்கவில்லையா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஏறும்போதே பட்டை அறுந்துவிட்டது, மாட்ட நேரமில்லை என்றான்.

அக்கா என்னிடம் மட்டும் ஒன்று சொல்லியிருந்தாள். அந்த வருஷம் ஜூலையில் காட்டுப் பழம் பறிக்கப் போனபோது அந்தப் பட்டை பிசிறு பிசிறாகத் தொங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். வெர்லினிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். ஜாம் காய்ச்சினாள். மறந்துவிட்டாள். இதைச் சொன்ன அன்று காரை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டில் மட்டும் ஜாம் காய்ச்சுவதை நிறுத்திவிட்டாள்.

இந்த வருஷம் வெர்லின் மறுபடி மரம் ஏறுவேன் என்றான். வில்லால் மான் வேட்டையாடுகிற சீசன் செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது. நாற்காலி வேண்டாம், சேணம் வாங்கிக்கொள்கிறேன் என்றான். இடுப்பைச் சுற்றி அகலமான துணித்தொட்டில். அதன் முன்கயிறு மரத்தில் கட்டிய கயிற்றோடு கொக்கியில் சேரும். மரத்தைப் பார்த்தபடி சாய்ந்து உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் ஏதாவது ஒரு கயிறு உடம்பில் இருந்துகொண்டே இருக்கும். இப்போது எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இதற்குத்தான் மாறியிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் சொல்லாமல் போவான் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் வேறு மாதிரி சொன்னாள்: போ, ஆனால் சேணம் எது என்று நான்தான் முடிவு பண்ணுவேன்.

வில் கடைக்கார கர்ட் கடை நடுவில் ஒரு கம்பம் நட்டு வைத்திருக்கிறான். வருகிறவர்கள் அதில் ஐந்து நிமிஷம் தொங்கிப் பார்த்து, நல்லா இருக்கே என்று வாங்கிப் போவார்கள். எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். ஐந்து நிமிஷத்தில் எந்தச் சேணமும் கடிக்காது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் நின்று வேலை செய்த அக்காவுக்கு, எந்தச் செருப்பு கடிக்கும் என்பது மதியத்துக்கு மேல்தான் தெரியும் என்று தெரியும். கர்ட் சொந்தமாக வைத்திருந்த இரண்டு சேணங்களை ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கி வந்தாள். ஒன்று ஒரே பட்டையில் தைத்தது, லேசானது. இன்னொன்றில் இரண்டு பட்டை, ஒன்று தொடைக்கு, ஒன்று இடுப்புக்கு, கொஞ்சம் கனம்.

முதல் நாள் ஒற்றைப் பட்டை. இரண்டு மணி நேரம் இறங்கக் கூடாது என்று உத்தரவு. நானும் அக்காவும் சமையலறை ஜன்னலை ஒட்டி நின்று தக்காளித் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். அவள் தக்காளியைப் பார்க்கவே இல்லை. ஐம்பது நிமிஷம் போல ஆகியிருக்கும். வெர்லின் ஒரு பக்கமாக ஒருக்களித்தான். வலது கை மெதுவாக இடுப்புக்குப் போனது. சேணத்தை இறுக்கிப் பிடிக்கிற பக்கிளைத் தளர்த்தியது. வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

அக்கா ஈரக் கையோடு வெளியே போனாள். நானும் பின்னால் போனேன்.

"கை எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அரிச்சுது."

"வெர்லின். நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

அவன் மரத்தைப் பார்த்தான். அப்புறம் கால் கீழே ஊன்றி நின்று, மெதுவாகச் சொன்னான்.

"அன்னைக்கும் ஏறும்போது அறுகல. ஒரு மணி நேரமா மேலதான் உக்காந்திருந்தேன். தொடையில வார் இறுக்கிச்சு, கால் மரத்துப்போச்சு. கயித்தைக் கழட்டி வச்சுட்டேன். மாட்டியிருந்தா தொங்கிட்டிருப்பேன், அவ்வளவுதான்."

ஒரு தக்காளி விதை அக்கா மணிக்கட்டில் ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜூலையைச் சொன்னாள். பிசிறைப் பார்த்தது, மறந்தது, எல்லாம்.

"அதுவா," என்றான் அவன். "அதை நானே பாத்தேன், சீசனுக்கு முன்னாடி. இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு நெனச்சேன்."

அவள் மனசு லேசாகும் என்று நான் நினைத்தேன். இல்லை. இரண்டு வருஷம் ஜாம் இல்லாமல் ரொட்டி தின்றோமே, அதற்காவது கோபம் வராதா. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை ஊர் ஓட்டலில் போடுகிற மீன் சாப்பாட்டுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனாள். அங்கேயும் மீனைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுவரைக்கும் பட்டை அறுந்துடும்னு பயந்தேன், ஜோன்," என்றாள். "பட்டையை மாத்திடலாம். இந்த மனுஷன் கையை என்ன பண்றது?"

மறுநாள் அவன் பால் லாரியில் போன பிறகு எனக்கு போன் வந்தது. போய்ப் பார்த்தால், அக்கா ஒற்றைப் பட்டைச் சேணத்தை மாட்டிக்கொண்டு மேப்பிளில் தொங்கிக்கொண்டிருந்தாள். மேலே சமையல் ஏப்ரன். பக்கத்துப் புல்லில் அடுப்படி டைமர். நான் சிரித்ததை அவள் கண்டுகொள்ளவில்லை. நேரம் பார் என்றாள். நாற்பத்தெட்டாவது நிமிஷம் அவள் முகம் மாறியது. கை தானாக பக்கிளுக்குப் போய் நின்றது.

"இது கெட்ட எண்ணம் இல்ல," என்றாள், கையைப் பார்த்துக்கொண்டே. "வலி. வலிச்சா கை போகும். யார் கையா இருந்தாலும் போகும்."

அதன் பிறகு அவள் தேடியது ஒன்றுதான்: அவன் கை பக்கிளை மறந்துபோகிற சேணம். எத்தனை கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்ததை அவள் இரண்டாவது தடவை படிக்கவில்லை. அன்று சாயங்காலமே அவனை இரட்டைப் பட்டையில் ஏற்றினாள். முதல் அரை மணியில் தகடு இருக்கிற பக்கம் குத்துகிறது என்றான். மரக் கயிற்றை அவன் கண் உயரத்துக்கு ஏற்றிக் கட்டச் சொன்னாள். முன்கயிற்றை ஒரு சாண் குறைத்தாள். கீழ்ப் பட்டையைத் தொடைப் பக்கம் இழுத்துவிட்டாள். பிறகு புல்லில் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டேகால் மணி நேரம். கை போகவில்லை. கடைசியில் தலை சாய்ந்து குறட்டை விட்டான். அந்தச் சேணத்தையே கர்ட்டிடம் விலை பேசி வைத்துக்கொண்டாள். புதுசு வாங்கினால் அது எப்படி இருக்குமோ என்று அவளுக்குப் பயம்.

சீசன் முதல் சனிக்கிழமை, மதியம் இரண்டரைக்குக் கிளம்பினான். மூன்றரைக்குள் மேலே உட்கார்ந்து கயிறு மாட்டியதும் செய்தி அனுப்ப வேண்டும் என்பது பேச்சு. அக்கா வெங்காயம் நறுக்கினாள். மூன்றரை தாண்டியது. இன்னொரு வெங்காயம் எடுத்தாள். அன்றைய சமையலுக்கு இரண்டே போதும், அது ஐந்தாவது. மூன்று நாற்பத்தொன்றுக்கு போன் அதிர்ந்தது.

"தொங்குறேன்."

அவள் அதைப் படித்துவிட்டு டைமரை ஐம்பது நிமிஷத்துக்குத் திருகி வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அது அடித்தபோது இரண்டு பேருமே எழுந்துவிட்டோம். இரண்டே வார்த்தை எழுதி அனுப்பினாள்: "கை எங்க?"

பதில் வரவில்லை. ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். சிக்னல் இல்லாமல் இருக்கும் என்றேன் நான். அவன் ஏறியிருக்கிற மேட்டில் சிக்னல் இருக்கும் என்றாள் அவள். கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அப்போது வந்தது.

"வில்லுல. மான் நின்னுச்சு. உன் செய்தி வந்து போன் அதிர்ந்துச்சு, அது ஓடிப்போச்சு."

அக்கா சாவியை மேஜைமேல் வைத்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் டைமரை எடுத்து, மறுபடி ஐம்பதுக்குத் திருகினாள்.